நிலாவெளிக் கிணறுகளும் உன் மறுப்புக் கடிதமும்

திருகோணமலை
டிசம்பர்

அன்பின் ரவி,

உன் கடிதம் மழையோடு வந்து சேர்ந்தது. மூன்று நாட்களாக வாடைக் காற்றும் மழையும் விடவில்லை. மகாவலி கொண்டுவந்து கொட்டும் வண்டலில் கொட்டியாரக் குடா கலங்கிக் கிடக்கிறது. அம்மா நலம். மூத்தவள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள்.

உன் ஆய்வு மானிய விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள், “இனி எந்த மானியத்துக்கும் விண்ணப்பிக்க மாட்டேன்” என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைத் தாண்டி என்னால் வாசிக்க முடியவில்லை. பேராதனை விடுதி மாடியில் மட்டக்களப்பு வாவி இறாலைப் பற்றி விடியும்வரை பேசியவன் நீ.

எனக்கும் அப்படி ஒரு மறுப்புக் கடிதம் 2019இல் வந்தது. உனக்குச் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது. நிலாவெளிக் கரையோர நிலத்தடி நீரைப் பற்றி நாற்பது பக்கம் எழுதி அனுப்பியிருந்தேன். மதிப்பீட்டாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: எல்லாவற்றையும் அளந்து முடித்த பிறகு யாருக்கு என்ன தெரியவரும்? கோபத்தில் ஆறு மாதம் அந்தக் கோப்பைத் தொடவில்லை.

பிறகு ஒரு மாலை, எங்கள் பல்கலைக்கழக வளாகத்துக்கு வடக்கே வெங்காயத் தோட்டம் செய்யும் பெரியவர் ஒருவரின் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தேன். “தம்பி, மோட்டரை எத்தனை மணித்தியாலம் ஓடவிட்டால் என் கிணறு உவர்க்கும்?” என்று கேட்டார். என் நாற்பது பக்கத்தில் அதற்குப் பதில் இல்லை. அந்தக் கேள்வியே இல்லை.

மணலுக்கு அடியில் நன்னீர் உவர்நீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். கடல்நீரின் அடர்த்தி சற்றே கூடுதல் என்பதால் வரும் கணக்கு அது. அதையே திருப்பிப் பார். மேலே ஒரு சாண் நீர் நிரந்தரமாக இறங்கிவிட்டால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு நாற்பது சாண் ஏறிவரும். 2004 சுனாமிக்குப் பிறகு கடல்நீர் புகுந்த கிணறுகளை இறைத்தே சுத்தமாக்கிவிடலாம் என்று கிழக்குக் கரையில் எத்தனை பேர் நினைத்தார்கள்! அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருக்கும் உப்பும் மேலே வரும் என்று அவர்களை எச்சரிக்க வேண்டியிருந்தது. இதையெல்லாம் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறேன். ஆனால் அந்தப் பெரியவரின் கிணற்றுக்கு எத்தனை மணித்தியாலம் என்று எனக்குத் தெரியாது.

அவருடைய கேள்வியையே முதல் வரியாக வைத்து மறுபடி எழுதினேன். நாற்பது பக்கம் பன்னிரண்டானது. வேறோர் இடத்துக்கு அனுப்பினேன், கிடைத்தது.

கிடைத்த பிறகும் பாடுதான். வரவுசெலவைப் போட்டபோது டொலர் 200 ரூபாய். 2022 மே மாதத்தில் அது 360ஐத் தொட்டது. நீரின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மானிகள் மூன்றுக்கு ஒதுக்கிய பணம் இரண்டுக்கே போதவில்லை. 60 கிணறுகளை 24 ஆக்கினேன். ஒவ்வொரு பொருளும் எதற்கு என்று விண்ணப்பத்திலேயே காரணம் எழுதியிருந்ததால்தான் எதைக் குறைப்பது, எதைத் தொடக்கூடாது என்று நிதி தந்தவர்களிடம் பேச முடிந்தது. ஆய்வு உதவியாளரின் சம்பளத்தில் கை வைக்கவில்லை. மூதூரிலிருந்து வரும் பெண். 24 கிணறுகளையும் மாதம் இருமுறை அளப்பவள் அவள்தான். வெளி மானியம் இல்லையென்றால் அவள் பட்டத்தோடு வீட்டில் இருந்திருப்பாள். ரவி, எனக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

நீ அனுப்பிய முன்மொழிவை இரண்டு முறை வாசித்தேன். மன்னித்துக்கொள், அதில் இறால் இருக்கிறது, மீனவர் இல்லை. கல்லடிப் பாலத்தடியில் வீச்சுவலை போடுகிறவரிடம் ஒரு காலை போய் நில். அவர் உன்னிடம் என்ன கேட்கிறார் என்று கேள். உன் துறை தெரியாத ஒருவர், இருபது விண்ணப்பங்களுக்கு நடுவே, இரவில் களைத்துப்போய் வாசிக்கப்போகிறார். அவருக்காக எழுது.

அனுமதிக் கடிதங்களை மட்டும் முன்கூட்டியே கேட்டு வை. இங்கே புறாத்தீவு 2003 முதல் தேசிய பூங்கா. அங்கே ஆய்வு செய்ய வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். வாவிக்கு யாரிடம் வாங்க வேண்டும் என்று இப்போதே விசாரி. தேசிய விஞ்ஞான மன்றத்தின் அறிவித்தல்களைப் பார்த்துக்கொண்டிரு. அப்துஸ் சலாம் 1983இல் இத்தாலியின் திரியெஸ்தேயில் நிறுவிய உலக விஞ்ஞானக் கழகத்தையும் விடாதே. கருவிக்கும் இரசாயனப் பொருட்களுக்கும் அது உதவியிருக்கிறது.

தைப்பொங்கல் விடுமுறைக்கு வா. வாகரை வழியாக பஸ்ஸில் ஏறு. கிண்ணியாப் பாலம் வந்த பிறகு பாதைப்படகுக்குக் காத்திருக்கும் கதையே இல்லை. மதிப்பீட்டாளரின் குறிப்புகளை ஒரு வரியும் விடாமல் கொண்டுவா. முதல் நாள் பொங்கல், இரண்டாம் நாள் காலையில் கிணற்றடி. அந்தப் பெரியவர் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

அன்புடன்,
சிவா