எப்போது வரைவாய் என்று கேட்காதவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

எட்டு மாதம் கழித்துப் போன வாரம் ஒரு படம் வரைந்தேன். கதவுக்குப் பின்னால் தொங்கும் குடை, அவ்வளவுதான். அதைப் பார்த்தபோது உங்கள் முகங்கள் நினைவுக்கு வந்தன. நேரில் நன்றி சொன்னால் பேச்சு வராது, அதனால் எழுதுகிறேன்.

குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைவது என் வேலை. கடைசிப் புத்தகத்தில் ஒரு முயலின் காது வரவேயில்லை. வரைவதும் அழிப்பதுமாக இருந்ததில், பதினோராவது தடவை தாள் தேய்ந்து ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டையையே ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகைகூட வரவில்லை.

மருத்துவருக்கு முதல் நன்றி. எடுத்த எடுப்பில் 'எல்லாம் மனசுதான்' என்று சொல்லாமல், ரத்தசோகை, தைராய்டு இரண்டுக்கும் சோதனை எழுதினார். இரண்டும் இல்லை என்றான பிறகே ஆலோசகரிடம் அனுப்பினார்.

'பர்ன்அவுட்' என்ற சொல்லை ஆலோசகர்தான் சொன்னார். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற வகைப்பாட்டில் இது நோயாக இல்லை, வேலை சார்ந்த நிலையாக இருக்கிறது என்று விளக்கினார். சக்தி வற்றிப்போவது, வேலையில் மனம் விட்டுப்போவது, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற நினைப்பு, இவை மூன்றும் அடையாளமாம். அதுவரை இதற்கெல்லாம் நான் வைத்திருந்த பெயர் சோம்பேறித்தனம். 1974-இல் இதைப் பற்றி எழுதிய உளவியலாளர் ஃப்ராய்டன்பெர்கரும் இப்படி ஓய்ந்துபோனவர்தான் என்று கேட்டதும், ஏனோ கொஞ்சம் ஆறுதல்.

பதிப்பாசிரியர் கெடுவைத் தள்ளிவைக்கவில்லை. "இந்தப் புத்தகத்தையே மறந்துடுங்க" என்றார். தள்ளிவைத்திருந்தால் அந்தத் தேதியையே எண்ணிக்கொண்டிருந்திருப்பேன். மீதி ஆறு பக்கத்தை வரைந்து தந்த நண்பர், தன் பெயர் வேண்டாம் என்றார். (சண்டை போட்டுப் போடவைத்தேன்.)

அப்புறம் என் தங்கை. ஓய்வெடுக்கவும் எனக்குத் தெரியவில்லை. காலையில் நடை, பத்து மணிக்கு வாசிப்பு, மாலையில் புதிதாக ஏதாவது கற்பது என்று ஓய்வுக்கே அட்டவணை போட்டு வைத்திருந்தேன். அவள் அதை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அடியில் செருகினாள். "சும்மா இரு அக்கா, கொஞ்ச நாள்" என்றாள். சும்மா இரு என்று யாரும் சொல்லிவிடலாம், வாடகை யார் கட்டுவது? எட்டு மாதமும் அவள்தான் கட்டினாள். அதை இங்கே எழுதக் கூடாதாம். எழுதிவிட்டேன்.

"பிடித்த வேலைதானே, அதில் என்ன களைப்பு?" என்று கேட்டவர்களும் உண்டு. பிடித்ததால்தான் நிறுத்தத் தெரியவில்லை. அவர்கள் மேல் கோபமில்லை. ஆனால் இந்த மடல் அவர்களுக்கு அல்ல. வீட்டுக்கு வந்து, ஊர்க்கதை பேசி, மூடிக்கிடந்த வண்ணப் பெட்டியைப் பார்த்தும் ஒரு வார்த்தை கேட்காமல் போனீர்களே, உங்களுக்கு. 'மறுபடி எப்போ வரையப்போறே?' என்று நாக்கு நுனி வரை வந்து நின்றதை நான் கவனித்தேன்.

இப்போதைக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம், யாருக்கும் காட்டுவதற்கு இல்லாமல் வரையச் சொல்லியிருக்கிறார் ஆலோசகர். மணி அடித்தால் பென்சிலைக் கீழே வைத்துவிட வேண்டும். கை நன்றாக ஓடும்போது வைப்பதுதான் கஷ்டம். குடைக்குக் கைப்பிடி போட்டுக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. வைத்துவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் படக்காரி