மார்ச் மாதத்தில் ஒரு மாலை: சான் டியேகோ தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சான் டியேகோ தமிழ்ச் சொந்தங்களுக்கு,

வணக்கம். பொங்கல் விழாவிலும் தமிழ்ப் பள்ளி வாசலிலும் நாம் அடிக்கடி பார்த்துக்கொள்கிறோம். பேச்சு வாடகை, டிராஃபிக், பிள்ளைகளின் படிப்பு என்று சுற்றிவிட்டு, "அந்தக் காலி இடத்துல என்னமோ கட்டப்போறாங்களாமே, தெரியுமா?" என்ற கேள்வியில் வந்து நிற்கும். யாருக்கும் பதில் தெரியாது. பதில் கிடைக்கும் இடத்தைப் பற்றியும், அங்கே நமக்கு இருக்கும் ஓட்டுரிமையைப் பற்றியும்தான் இந்த மடல்.

நம் நகரம் ஐம்பதை ஒட்டிய திட்டப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மிரா மேசா, ராஞ்சோ பெனஸ்கிடோஸ், கார்மல் வேலி, யூனிவர்சிட்டி என்று நம்மவர்கள் அதிகம் வசிக்கும் இடங்கள் எல்லாம் இதில் அடங்கும். பெரும்பாலான பகுதிகளுக்குச் சமூகத் திட்டக் குழு ஒன்று உண்டு. சம்பளம் இல்லாமல் அந்தந்தப் பகுதிக்காரர்களே உட்காரும் குழு. ஒரு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற வேண்டும், ஒரு கட்டடத்துக்குச் சிறப்பு அனுமதி வேண்டும் என்றால், நகர நிர்வாகம் முடிவெடுக்கும் முன் இந்தக் குழுவின் கருத்தைக் கேட்கும். பகுதியின் நீண்டகாலத் திட்டம் திருத்தப்படும்போதும் அப்படித்தான். மிரா மேசாவின் பழைய திட்டம் 1992ஆம் ஆண்டுக்குரியது. புதியது 2022 டிசம்பரில் நிறைவேறியது. யூனிவர்சிட்டி பகுதியில் 1987இல் வந்த திட்டம் 2024 ஜூலையில்தான் மாறியது. அதாவது ஒருமுறை கோடு போட்டால் முப்பது வருடம் நிற்கும். இன்று தமிழ்ப் பள்ளியில் அ, ஆ எழுதும் குழந்தை கல்யாண வயதுக்கு வரும்வரை அதே கோடுதான்.

குழுவின் அதிகாரம் ஆலோசனை சொல்வதோடு சரி. நகர மன்றம் அதை ஏற்காமலும் போகலாம். கொல்லைப்புறத்தில் கட்டும் சிறு வீடு மாதிரியான பல அனுமதிகள் குழுவின் பார்வைக்கே வராது. ஆனாலும் எந்தத் தெருவுக்கு விளக்கு வேண்டும், எந்தப் பூங்காவுக்குப் பணம் வேண்டும் என்ற முன்னுரிமைப் பட்டியலை நகரத்துக்கு எழுதி அனுப்புவது இந்தக் குழுதான். ஊரில் தெருவிளக்கு எரியவில்லை என்றால் கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நிற்போமே, இங்கே அந்த வாசல் இதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஓட்டு விஷயம். பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். அந்தப் பகுதியில் வசிக்க வேண்டும், அல்லது அங்கே சொத்து இருக்க வேண்டும், அல்லது அங்கே கடையோ தொழிலோ நடத்த வேண்டும். அவ்வளவுதான். வாடகைக்கு இருந்தாலும் ஓட்டு உண்டு. குடியுரிமை கேட்கப்படுவதில்லை. எச்-1பி வேலை விசா, அவர்களின் துணைக்குத் தரும் எச்-4, மாணவர் விசா, கிரீன் கார்டு வரிசையில் பத்து வருடமாக நிற்பவர் என்று எல்லோருக்கும் பொருந்தும். இது எனக்குத் தெரிய வந்த விதத்தைச் சொல்கிறேன்.

நான் எச்-4 விசாவில் வந்தவள். ஒரு மார்ச் மாதம் நூலகத்துக்குப் புத்தகம் திருப்பப் போனபோது, கூட்ட அறை வாசலில் மடக்கு மேஜை போட்டு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அட்டைப் பெட்டி, பக்கத்தில் வாக்குச் சீட்டுக் கட்டு. ஒதுங்கிப் போனேன். மேஜையில் இருந்த அம்மா கூப்பிட்டு, "ஓட்டுப் போட்டாச்சா?" என்றார். "நான் சிட்டிசன் இல்லை" என்றேன். "அது வேண்டாம். இங்கே குடியிருக்கிறாயா, சொல்" என்றார். இந்த நாட்டில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. எந்தப் படிவத்திலும் நான் இன்னாரின் மனைவி. வேலை செய்யக் கூடாது, சம்பாதிக்கக் கூடாது. இங்கே குடியிருக்கிறேன் என்பதே போதும் என்று ஒருவர் சொன்னபோது தொண்டை அடைத்தது.

ஆனால் அன்று என்னால் ஓட்டுப் போட முடியவில்லை. என் ஓட்டுநர் உரிமத்தில் பழைய அபார்ட்மெண்ட் முகவரி. வேறு சான்று கேட்டார்கள். வீட்டுக்கு ஓடி வந்து மேஜை டிராயரைக் கவிழ்த்தேன். மின்சார பில் என் கணவர் பெயரில். இணைய பில் அவர் பெயரில். கார் இன்சூரன்ஸிலும் முதல் பெயர் அவருடையதே. என் பெயர் இருந்தது வாடகை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் மட்டும். அதைத் தேடி எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மேஜையை மடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே எண்ணிக்கை நடந்தது. ஓட்டுப் போட வந்திருந்தவர்கள் ஒரு கல்யாணத்தில் முதல் பந்திக்குக்கூடக் காணமாட்டார்கள். அத்தனை பேர்தான் அத்தனை ஆயிரம் குடும்பங்களுக்கும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதனால் என் முதல் வேண்டுகோள் வீட்டில் இருக்கும் பெண்களுக்கு. இந்த வாரமே ஏதாவது ஒரு பில்லில் உங்கள் பெயரைச் சேர்த்துவிடுங்கள். வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். அதில் உங்கள் பெயர் இல்லையென்றால் மேனேஜரிடம் சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள். வீட்டில் வயது வந்த ஒவ்வொருவருக்கும் தனி ஓட்டு. கணவர் உங்களுக்காகப் போட முடியாது, நீங்களும் அவருக்காகப் போட முடியாது.

பதிவு செய்யும் முறை குழுவுக்குக் குழு மாறும். நகரத் திட்டத் துறையின் இணையதளத்தில் உங்கள் திட்டப் பகுதியையும் அதன் குழுவையும் தேடிப் பாருங்கள். அந்தக் குழுவின் துணை விதிகளை ஒருமுறை வாசித்துவிடுங்கள். சில குழுக்களில் தேர்தல் அன்றே முகவரிச் சான்றைக் காட்டிவிட்டு ஓட்டுப் போடலாம். சிலவற்றில் முன்கூட்டியே உறுப்பினர் படிவம் கொடுத்திருக்க வேண்டும். தேர்தல் பெரும்பாலும் மார்ச்சில் வரும். வேட்பாளர் பட்டியல் அதற்கு முன்பே முடிந்துவிடும். போட்டியிட நினைத்தால் முந்தைய மாதக் கூட்டங்களுக்குப் போன கணக்கைச் சில குழுக்களில் கேட்பார்கள். ஆகவே ஜனவரிக்கு முன்பே ஒரு கூட்டத்துக்காவது போய் வாருங்கள். கலிபோர்னியாவின் திறந்த கூட்டச் சட்டப்படி இந்தக் கூட்டங்களுக்கு யாரும் வரலாம், யாரும் பேசலாம். பெயர் எழுதினால்தான் உள்ளே விடுவோம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் வருகைத் தாளில் எழுதிவிடுங்கள், பின்னால் கணக்குக் காட்ட அதுதான் கைகொடுக்கும்.

சொத்து வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். போவேயில் குடியிருந்துகொண்டு மிரா மேசாவில் ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால், மிரா மேசாவில் உங்களுக்கு ஓட்டு உண்டு. மளிகைக் கடையோ டிபன் கடையோ நடத்துபவர்களுக்கும் உண்டு. ஆனால் அலுவலகம் அங்கே இருக்கிறது, தினமும் வேலைக்குப் போகிறேன் என்பது மட்டும் போதாது.

ஃபோர் எஸ் ராஞ்ச் நண்பர்களே, உங்கள் கதை வேறு. நீங்கள் நகர எல்லைக்குள் இல்லை, கவுண்டி எனும் மாவட்ட நிர்வாகத்தின் கீழ் இருக்கிறீர்கள். கவுண்டியின் திட்டக் குழுக்களுக்குப் பொதுத் தேர்தலோடு சேர்த்து நவம்பரில் வாக்கெடுப்பு நடக்கும். அதற்குக் குடியுரிமையும் வாக்காளர் பதிவும் வேண்டும். போவே தனி நகரம். நான் சொல்லும் குழுக்கள் அங்கே கிடையாது. ஃபோர் எஸ் ராஞ்சுக்குப் பக்கத்தில் இருக்கும் டெல் சர், சான் டியேகோ நகரத்துக்குள் வருகிறது. ஆகவே தபால் முகவரியில் சான் டியேகோ என்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், வரைபடத்தைப் பாருங்கள்.

இன்னொன்று, மிக முக்கியம். குடியுரிமை இல்லாதவர்கள் இந்தக் குழுத் தேர்தலையும் அரசாங்கத் தேர்தலையும் குழப்பிக்கொள்ளவே கூடாது. ஓட்டுநர் உரிமம் தரும் டிஎம்வி அலுவலகத்தில் படிவம் நிரப்பும்போது வாக்காளர் பதிவு பற்றிய கேள்வி வரும். அவசரத்தில் அங்கே "ஆம்" என்று தட்டிவிட்டால் உங்கள் கிரீன் கார்டுக்கே ஆபத்து. குழுத் தேர்தலுக்கு அந்தப் பட்டியலோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. யாராவது "அதுல பேர் சேர்த்தாத்தான் இதுல ஓட்டு" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. பொங்கல் விழா நடப்பதும் வேட்பாளர்கள் முன்வர வேண்டியதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான். விழா அரங்கில் ஒரு மேஜை கொடுங்கள், பேனர்கூட வேண்டாம். வரைபடத்தை விரித்து வைத்து, வருகிறவர்களின் வீடு எந்தக் குழுவில் வருகிறது, அங்கே என்ன சான்று கேட்பார்கள் என்று நானே உட்கார்ந்து சொல்கிறேன். எந்த வேட்பாளருக்காகவும் பேச மாட்டேன்.

அடுத்த வருடம் நான் ஓட்டுப் போட்டேன். எனக்கு முன்னால் வரிசையில் ஒரு ஃபிலிப்பினோ தாத்தா நின்றார். பஸ் நிறுத்தத்தில் நிழலே இல்லை, அதைக் கேட்கத்தான் மாதாமாதம் கூட்டத்துக்கு வருகிறேன் என்றார். சீட்டை நாலாக மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, போகும்போது என்னிடம், "உங்கள் ஆட்கள் நிறைய பேர் இருக்கிறார்களே, ஏன் யாரையும் இங்கே பார்ப்பதில்லை?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வரும் மார்ச்சிலும் அவர் வருவார். நீங்களும் வந்தால், நூலக வாசலில் வாடகை ஒப்பந்தத்தோடு நிற்கும் என்னைப் பார்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் பக்கத்துத் தெருக்காரி