0.7 மில்லிகிராம் பஞ்சமல்ல

அன்பு நண்பருக்கு,

வணக்கமுங்க. இங்கே கோபிப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்றுவிட ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டில் எல்லோரும் நலம்.

மைக்ரோசிஸ்டிஸ் பாசியைக் குடுவையில் வளர்த்து, அது உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின் நச்சை அளந்த உங்கள் மாணவியின் அட்டவணையைப் பார்த்தேன். பாஸ்பேட்டைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தும் மைக்ரோசிஸ்டின் அளவு மாறவில்லை என்று வருந்துகிறாராமே. மாறாததில் வியப்பில்லை. பாசி வளர்க்கும் பி.ஜி.-11 ஊட்டக்கரைசலில் (ஊடகத்தில்) லிட்டருக்கு 40 மில்லிகிராம் டைபொட்டாசியம் பாஸ்பேட் போடுகிறோம். அதில் பாஸ்பரஸ் மட்டும் 7.1 மில்லிகிராம். பத்தில் ஒன்றென்றால் 0.7. குளத்துத் தண்ணீரில் மொத்தப் பாஸ்பரஸ் 0.1 தாண்டினாலே ஊட்டம் மிக அதிகம் என்கிறோம். அந்தக் குடுவையில் பாசிக்குப் பஞ்சமே வரவில்லை. 0.05, 0.02 வரை இறங்கச் சொல்லுங்கள். குறைக்கிற பொட்டாசியத்துக்கு ஈடாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்க வேண்டும். பாஸ்பேட்டை முழுதாக எடுத்தால் லிட்டருக்கு 34 மில்லிகிராம். சோப்புத்தூளில் கழுவிய குடுவையிலும் பாஸ்பேட் ஒட்டியிருக்கும். 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, வாலைவடி நீரில் அலசட்டும்.

இன்னொன்று, மைக்ரோசிஸ்டிஸ் பாஸ்பரஸைப் பாலிபாஸ்பேட்டாகச் (பாஸ்பேட் சங்கிலியாகச்) செல்லுக்குள் சேமித்துக்கொள்ளும். வெளியே ஒன்றுமில்லாவிட்டாலும் அதை வைத்தே மூன்று நான்கு முறை பிரியும். முதலில் பாஸ்பேட் இல்லாத ஊடகத்தில் விட்டு, வளர்ச்சி நின்ற பிறகே சோதனையைத் தொடங்க வேண்டும். பழைய ஊடகத்தைக் கழுவி நீக்கும்போது, செல்களில் காற்றுப்பைகள் இருப்பதால் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றினாலும் அடியில் தங்காமல் மேலே மிதக்கும். அந்தத் தொல்லைக்கு ஃபில்டரில் மெல்ல வடித்துக் கழுவுவதே மேல்.

நைட்ரஜன் கதை வேறு. மைக்ரோசிஸ்டின் வகைகளில் ஒன்றான மைக்ரோசிஸ்டின்-எல்.ஆர். மூலக்கூறில் பத்து நைட்ரஜன் அணுக்கள் உண்டு, பாஸ்பரஸ் ஒன்றுகூட இல்லை. மைக்ரோசிஸ்டிஸால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கவும் முடியாது. அதனால் நைட்ரேட் குறையும்போது வளர்ச்சியோடு செல்லுக்குள் இருக்கும் நச்சும் குறையும். பாஸ்பரஸ் குறையும்போது செல்களின் எண்ணிக்கைதான் முதலில் சரியும். செல் ஒன்றுக்கான நச்சு அப்படியே நிற்கலாம், கூடவும் கூடும். நைட்ரேட் இல்லாத குடுவையில் 1.5 கிராம் சோடியம் நைட்ரேட்டுக்கு ஈடாக 1.03 கிராம் சாதா உப்பு (சோடியம் குளோரைடு) போடுங்கள். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட்டிலும் கொஞ்சம் நைட்ரஜன் இருப்பதை மறந்துவிட வேண்டாம்.

அதற்காகக் குளத்தில் நைட்ரஜனை மட்டும் குறைத்தால் போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சிஸ் மாதிரி காற்றிலிருந்து நைட்ரஜன் பிடிக்கும் பாசிகள் அந்த இடத்துக்கு வந்துவிடும், தம் நச்சோடு.

மாணவி நச்சு லிட்டருக்கு எவ்வளவு என்று மட்டும் எழுதியிருக்கிறார். செல் ஒன்றுக்கு எவ்வளவு என்பதும் வேண்டும். 14ஆம் நாளில் எல்லாக் குடுவைகளையும் ஒரேசமயம் எடுத்தால், ஒன்று வேகமாகப் பெருகும் நிலையிலும் மற்றொன்று தேங்கிய நிலையிலும் இருக்கும். செல் பிரியும் வேகத்தை ஒட்டியே நச்சு உற்பத்தியும் நடப்பதால் அந்த ஒப்பீடு செல்லாது. நச்சில் பெரும்பகுதி செல்லுக்குள்தான் இருக்கும். மூன்று முறை உறையவைத்து உருக்கிய பிறகே மொத்த அளவு கிடைக்கும். கண்ணாடிக் குப்பியையே பயன்படுத்தட்டும், பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும்.

உங்கள் ஊர்க் குளத்தில் பாசியைக் கொல்ல மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடப் பேசுகிறார்கள் என்றீர்களே, தயவுசெய்து தடுத்துவிடுங்கள். செல் உடைந்து நச்சு முழுதும் தண்ணீரில் கலந்துவிடும், காய்ச்சினாலும் போகாது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம்தான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மெல்ல வீசும் நாளில் மிதக்கும் பாசி ஆடை கிழக்குக் கரையில்தான் ஒதுங்கும். மாடு கன்றுகளை அந்தப் பக்கம் இறக்க வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.

புதுச் சோதனையின் தினசரி செல் எண்ணிக்கையை அனுப்பிவையுங்கள். வளர்ச்சி வேகத்தை நானும் கணக்கிட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்