சைக்கிள் சங்க ஆண்டறிக்கை (செயலாளர் வாசித்தது)

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் இன்று நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இதே அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும். படிப்பார்களா என்பது வேறு விஷயம்.

இந்த ஆண்டு செயற்குழு ஐந்து முறை கூடியது. அதில் இரண்டு முறை போதிய ஆள் சேராமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். ஏப்ரலில் பஞ்சர் ஒட்டும் பயிற்சியும் ஜூனில் சிறுவர்களுக்கான சைக்கிள் வகுப்பும் நல்லபடியாக நடந்தன. ஆகஸ்ட் சவாரி வெயிலால் கைவிடப்பட்டது.

அடுத்தது, செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை போட்டோமாக் ஆற்றங்கரையில் நடந்த சவாரி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். இந்த ஆண்டு எனக்கு அதிகக் கேள்விகள் வந்தது இதைப் பற்றித்தான். கேட்டவர்களில் பெரும்பாலோர் வராதவர்கள்.

"மண் ரோட்டில் போய் என்னத்தைப் பார்க்கப் போகிறோம்?" என்று குழுவிலேயே ஒருவர் கேட்டார். அது வெறும் மண் ரோடு அல்ல. வாஷிங்டனின் ஜார்ஜ்டவுனிலிருந்து மேரிலாந்தின் கம்பர்லாந்து வரை 184.5 மைலுக்கு வெட்டிய செசபீக்-ஒஹையோ கால்வாயின் கரை அது. கோவேறு கழுதைகள் கயிற்றைக் கட்டிப் படகை இழுத்துக்கொண்டு நடந்த பாதை. 1828 ஜூலை 4 அன்று கால்வாய்க்குப் பூமி பூஜை மாதிரி ஒன்று நடத்தினார்கள். அதே நாளில் பால்டிமோரில் ரயில் பாதைக்கும் அடிக்கல் போட்டார்கள். இரண்டும் ஒரே திசையில் மேற்கே கிளம்பின. ரயில் 1842-ல் கம்பர்லாந்தைத் தொட்டுவிட்டது. கால்வாய் போய்ச் சேர 1850 ஆனது. ஒஹையோ ஆறு வரை போவதாகத் திட்டம். மலையைத் தாண்டவே இல்லை. இருந்தும் 1924 வெள்ளம் வரை பெரும்பாலும் நிலக்கரியைச் சுமந்து ஓடியிருக்கிறது.

மூட்டு வலியைக் காரணம் சொன்னவர்களுக்கு ஒரு தகவல். மொத்தத் தூரத்துக்கும் ஏற்றம் 605 அடிதான். அதையும் 74 லாக்குகளில், அதாவது படகை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டிகளில், பிரித்துப் போட்டுவிட்டார்கள். லாக் வருகிற இடத்தில் சராசரியாக எட்டடி ஏறுவோம், அப்புறம் அடுத்த லாக் வரை தரை மட்டம். கழுதைக்குப் பார்த்துப் பார்த்துப் போட்ட பாதையில் நமக்கு என்ன சிரமம்?

பெயர் கொடுத்தவர்கள் 34 பேர். காலை எட்டு மணிக்குப் பாயின்ட் ஆஃப் ராக்ஸ் பார்க்கிங்கில் நின்றவர்கள் 11 பேர். என்னையும் சேர்த்து. ஆறு பேர் முந்தின இரவு பதினொரு மணிக்கு மேல் மெசேஜ் போட்டார்கள். மீதிப் பேர் அதுவும் போடவில்லை.

1950-களில் இந்தக் கால்வாயின் மேல் கார் ரோடு போட ஒரு திட்டம் இருந்தது. அதை எதிர்த்து, உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் 1954-ல் முழுப் பாதையையும் நடந்தே காட்டினார். வழியில் கொஞ்ச தூரமாவது கூட நடந்தவர்கள் 58 பேர், முழுத் தூரமும் நடந்தவர்கள் அவரையும் சேர்த்து 9 பேர். இதை வைத்து என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார் நம் துணைச் செயலாளர். அவர்கள் 184.5 மைல் நடந்தார்கள் என்பதையும், நம் ஆட்கள் பார்க்கிங் வரைகூட வரவில்லை என்பதையும் அவருக்கு எடுத்துச் சொன்னேன்.

சரி, வந்த பதினொரு பேருக்கும் அன்று யோகம். வியாழக்கிழமை பெய்த மழையில் ஆங்காங்கே சேறு இருந்தது, ஆனால் ஓட்ட முடியாத அளவுக்கு இல்லை. மூன்று மைல் தாண்டியதும் கடாக்டின் ஓடையின் மேல் கால்வாயையே தூக்கிச் சுமந்த ஒரு பாலம். மாத்தூர் தொட்டிப் பாலம் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். அங்கே மேலே தண்ணீர் போகிறது, இங்கே தண்ணீரோடு படகும் போயிருக்கிறது. படகுக்காரர்கள் அந்தக் காலத்திலேயே அதைக் கோணல் பாலம் என்று கிண்டல் செய்வார்களாம். 1973-ல் பெரும்பகுதி இடிந்து விழுந்து, 2011-ல் திரும்பக் கட்டி முடித்தார்கள். அதன் மேல் சைக்கிளைச் சாத்தி வைத்துவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். அவசரப்படுத்த யாரும் இல்லை.

பாலம் தாண்டிய மரநிழலில் பச்சையும் கருப்புமாகப் பழங்கள் உதிர்ந்து கிடந்தன. பாவ்பாவ் என்கிறார்கள். ஒன்றை எடுத்துப் பிட்டால் மஞ்சள் சதை, உள்ளே வழவழவென்று பழுப்புக் கொட்டைகள். சீத்தாப்பழக் குடும்பமாம். வாயில் வைத்ததும் எங்களோடு வந்த அக்கா ஒருவர், "வாழைப்பழமும் சீத்தாப்பழமும் சேர்த்துப் பிசைந்த மாதிரி இருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டு இன்னும் இரண்டைத் தேடப் போய்விட்டார். அங்கே ஒரு இருபது நிமிடம்.

பிரன்ஸ்விக் அருகில் ஒரு பஞ்சர். எங்கள் பதினொரு பேரில் ஏப்ரல் பயிற்சிக்கு வந்திருந்த ஒருவர் இருந்ததால் பதினைந்து நிமிடத்தில் கிளம்பிவிட்டோம். வெவர்டனுக்குப் பிறகு அப்பலாச்சியன் மலைத்தொடரை ஒட்டிப் போகும் நெடுந்தூர நடைபாதையும் இதே கரையில் வந்து சேர்கிறது. முதுகில் மூட்டையோடு எதிரே வருகிறவர்களுக்கு வழிவிட்டு, பெல் அடித்து, வணக்கம் சொல்லிப் போனோம்.

ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கும் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஊருக்குள் போக ரயில் பாலத்தை ஒட்டிய நடைபாலத்தைக் கடக்க வேண்டும். அதில் ஏற இரும்புச் சுழற்படிக்கட்டு. சைக்கிளைத் தோளில் சுமந்துதான் ஏற வேண்டும். அந்த இடத்தில் மட்டும் மூட்டு வலிக்காரர்கள் வராதது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். பாதிப் பாலத்தில் சரக்கு ரயில் ஒன்று பக்கத்தில் வந்தது. கைப்பிடிக் கம்பி உள்ளங்கையில் அதிர்ந்தது. கால்வாயை அன்று முந்திய ரயில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஷெனண்டோவா ஆறு போட்டோமாக்கில் வந்து விழுகிற முனையில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். 34 பேருக்குக் கட்டிய பொட்டலங்கள். மிச்சம் என்ன ஆனது என்று கேட்காதீர்கள், எங்கள் வீட்டில் திங்கட்கிழமை வரை அதுதான்.

போக வர 25 மைல். திரும்பி வரும்போது மாலை நான்கரை. மெதுவாகப் போனோம் என்று சொன்னால் குறையாகச் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பாதையில் சைக்கிளுக்கு வேக வரம்பே மணிக்கு 15 மைல்தான்.

இப்போது பெல் விஷயம். சங்கப் பணத்தில் பெல் வாங்கியது ஏன் என்று பொருளாளர் எழுத்தில் கேட்டிருக்கிறார். சைக்கிளில் பெல்லோ ஹாரனோ இருக்க வேண்டும், நடப்பவர்களைத் தாண்டுவதற்கு முன் அடிக்க வேண்டும் என்பது இப்போது பூங்காவாக இருக்கும் அந்தக் கால்வாய்க் கரையின் விதி. நான் வாங்கியது நம் ஆட்களை நம்பி, 34 பெல். 23 பெல் என் கராஜில் இருக்கிறது. எண்ணிப் பார்க்க யார் வேண்டுமானாலும் வரலாம்.

கணக்கைப் பொறுத்தவரை, வரவு செலவைவிடச் சற்றே கூடுதல். விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. உறுப்பினர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இந்த ஆண்டுச் சந்தாவைக் கட்டவில்லை, சிலர் போன ஆண்டுக்கும் சேர்த்து. பெயர் வாசிக்கக் கூடாது என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் என் சட்டைப் பையில் இருக்கிறது.

இந்தக் கூடத்தை ஏற்பாடு செய்து தந்தவர்களுக்கும், பஞ்சர் பயிற்சிக்குக் கருவிகள் தந்த அண்ணனுக்கும், வண்டியில் சைக்கிள்களை ஏற்றி வந்த இருவருக்கும், செயற்குழுவினருக்கும், என் மனைவிக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இதே கால்வாயில் இருக்கும் பாவ்பாவ் சுரங்கப் பாதைக்குப் போகலாம் என்று நினைத்திருக்கிறேன். பழத்தின் பெயர்தான் இடத்துக்கும். 3,118 அடி நீளம். 1836-ல் தோண்ட ஆரம்பித்தது, படகு உள்ளே போக 1850 ஆனது. நடுவில் கும்மிருட்டு, டார்ச் இல்லாமல் முடியாது. ஓரத்துக் கைப்பிடிக் கட்டையில் படகுக் கயிறு உரசி உரசி விழுந்த தடங்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. ஆனால் இதை நான் செயலாளராக இருந்து நடத்துவேனா என்று தெரியவில்லை. மூன்று ஆண்டு போதும் என்று வீட்டில் சொல்கிறார்கள். பொறுப்பை ஏற்க யாராவது முன்வந்தால் சாவி, பேரேடு, 23 பெல் எல்லாவற்றையும் இன்றே ஒப்படைக்கத் தயார். யாரும் வராவிட்டால் பார்க்கலாம். வாசலில் இரண்டு தாள் வைத்திருக்கிறேன். ஒன்று சுரங்கப் பாதைக்குப் பெயர் எழுத, இன்னொன்று சந்தாவுக்கு. இந்த முறை இரண்டாவது தாளில் எழுதியவர்கள் மட்டும் முதல் தாளில் எழுதினால் போதும்.