ஜூன் பிரவுனும் டாட் காட்டனும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைக்காட்சி நடிகர்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, நெடுந்தொடரில் ஆண்டுக்கணக்காக ஒரே வேடத்தில் நடிப்பவர்களை, மேடையிலும் திரைப்படத்திலும் இடம் கிடைக்காமல் அங்கே ஒதுங்கியவர்கள் என்ற தொனியில் பேசிச் செல்கிறது. பிரிட்டிஷ் தொடர்களை நெடுநாளாகக் கவனித்து வருபவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க முடியவில்லை. பிபிசியின் ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ தொடரில் டாட் காட்டனாக நடித்த ஜூன் பிரவுனை எண்ணிப் பார்த்தாலே அந்தக் கருத்து நிற்காது.

1927இல் சஃபோக் மாவட்டத்தில் பிறந்து, போர்க்காலத்தில் கடற்படையின் மகளிர் பிரிவில் பணியாற்றி, பின்னர் ஓல்டு விக் நாடகப் பள்ளியில் பயின்றவர் அவர். 1985இல் இந்தத் தொடருக்கு வந்தபோது அவருக்கு வயது 58. மேடையிலும் தொலைக்காட்சியிலும் பல பத்தாண்டு அனுபவம் இருந்தது. அத்தொடரின் முன்னணி நடிகரான லெஸ்லி கிராந்தம் பரிந்துரைத்ததால் வந்த வாய்ப்பு அது. முதலில் பேசப்பட்டதோ சில மாத ஒப்பந்தம்தான். 1993 முதல் 1997 வரை விலகியிருந்த காலம் நீங்கலாக, 2020 வரை அவர் அந்த வேடத்தை விடவில்லை.

நெடுந்தொடரில் எழுத்தாளர்கள் மாறுவார்கள், தயாரிப்பாளர்கள் மாறுவார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் அந்தப் பாத்திரம் யாரிடம் என்ன சொன்னது, எதற்காக அழுதது என்பதைப் புதிதாக வந்த எழுத்தாளர் அறிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. பார்வையாளர்களோ ஒன்றையும் மறப்பதில்லை. இந்த இரு தரப்புக்கும் நடுவே பாத்திரத்தின் நினைவைச் சுமப்பவர் நடிகர்தான். டாட் ஒரு சலவைக்கடை ஊழியர். வாயில் சிகரெட், பேச்சில் விவிலிய வாசகம், அக்கம்பக்கத்து வம்பில் தீராத ஆர்வம். வெறும் நகைச்சுவைப் பாத்திரமாகவே முடிந்திருக்கக்கூடியவர். ஆனால் 2000ஆம் ஆண்டில், தீராத நோயில் துன்புற்ற தோழி எத்தல், தான் சாவதற்கு உதவும்படி கேட்டபோது, கடவுளுக்கு அஞ்சும் அந்தப் பெண் உதவவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் தவித்து, இறுதியில் உதவினார். அந்தத் தவிப்பை நம்ப முடிந்தது என்றால், அதற்கு முந்தைய ஆண்டுகளில் டாட்டின் இறைநம்பிக்கையை ஜூன் பிரவுன் ஒருபோதும் கேலிப்பொருளாக்காமல் நடித்திருந்ததுதான் காரணம். ஒன்றரை மணி நேர நாடகத்தில் இப்படிப்பட்ட முன்கதையைச் சேர்த்து வைக்க எந்த நடிகருக்கும் வாய்ப்பில்லை.

கட்டுரையாளர் தவறாமல் பார்க்க வேண்டியது 2008 ஜனவரியில் ஒளிபரப்பான பகுதி. டாட்டின் கணவர் ஜிம்மாக நடித்த ஜான் பார்டனுக்கு முந்தைய ஆண்டு உண்மையிலேயே பக்கவாதம் ஏற்பட்டிருந்தது. கதையிலும் ஜிம் அவ்வாறே மருத்துவமனையில் இருந்தார். அவருக்கு அனுப்புவதற்காக டாட் ஒலிநாடாவில் தனியே பேசுவதுதான் அந்த அரைமணி நேரமும். டோனி ஜோர்டன் எழுதிய அப்பகுதியில் வேறு எவரும் நடிக்கவில்லை. பிரிட்டிஷ் நெடுந்தொடர் ஒன்றில் ஒரு முழுப் பகுதியையும் ஒருவரே தாங்கியது அதுவே முதன்முறை. அதற்காக 2009இல் சிறந்த நடிகைக்கான பாஃப்டா (பிரிட்டிஷ் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழக) விருதுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. விருது அன்னா மேக்ஸ்வெல் மார்ட்டினுக்குப் போயிற்று. அதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு என்றாலும் அது வேறு கதை.

இத்தகைய பணிக்கு விலை இல்லாமல் இல்லை. மற்ற வேடங்கள் குறைகின்றன. தெருவில் எதிர்ப்படுபவர்கள் நடிகரைப் பாத்திரத்தின் பெயரால் அழைக்கிறார்கள். கட்டுரை இதைச் சொல்வது சரியே. ஆயினும் பார்வை பெரிதும் மங்கிப்போன முதுமையிலும் ஜூன் பிரவுன் அந்த வேடத்தைத் தொடர்ந்தார் என்பதை, வேறு போக்கிடம் இல்லாதவரின் செயலாக எண்ணுவது அவருக்கு இழைக்கும் அநீதி. 2022 ஏப்ரலில் அவர் காலமானபின், டாட்டுக்கு வேறு நடிகையைத் தேடாமல், அதே ஆண்டு டிசம்பரில் கதைக்குள்ளேயே அப்பாத்திரத்துக்கு இறுதிச்சடங்கு நடத்தினார்கள்.

இவ்வரிசையில் அடுத்த கட்டுரை வருமானால், 1964 முதல் 1987 வரை ‘கொரோனேஷன் ஸ்ட்ரீட்’ தொடரில் ஹில்டா ஆக்டனாக நடித்த ஜீன் அலெக்சாண்டரைப் பற்றியும் எழுதும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். அவரும் அந்த வேடத்துக்காகப் பாஃப்டா பரிந்துரை பெற்றவர். அதை விட்டு விலகிய பிறகும் மற்றொரு தொடரில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நடித்தவர்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்