மார்ட்டின் இல்லை மாமா, ஆஸ்ட்பரி

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினால், ரிச்மண்ட் கோப்பை தூக்கும் அந்தப் படத்தை நூறாவது தடவையாக அனுப்பிப் பேச்சை முடித்துவிடுவீர்கள். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். 2017இல் ஆஸ்திரேலியக் கால்பந்து லீகின் (ஏ.எஃப்.எல்.) கோப்பையை வென்ற மெல்பர்ன் அணியான ரிச்மண்டில் முந்தைய ஆண்டைவிட அதிகம் முன்னேறிய வீரர் யார் என்று எப்போது கேட்டாலும், "டஸ்டின் மார்ட்டின். இதில் பேச என்ன இருக்கிறது?" என்கிறீர்கள். உங்கள் மகன், ஜேக்கப் டவுன்சென்ட் என்கிறான். மாமி கேப்டன் ட்ரென்ட் காட்சினை விட்டுக்கொடுப்பதில்லை. என் ஆள் டேவிட் ஆஸ்ட்பரி. அந்தப் பெயரைச் சொன்னதும் மூவரும் சேர்ந்து சிரித்தீர்களே, அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தப் பதில்.

உங்களுக்குத் தெரிந்த கதையைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆஸ்திரேலியக் கால்பந்து பார்க்காதவர்களும் இதைப் படிக்கக்கூடும், பொறுத்துக்கொள்ளுங்கள். நீள்வட்ட மைதானம், அணிக்கு 18 பேர், நான்கு கால்பகுதி. பந்தை உதைக்கலாம், முஷ்டியால் குத்தி அனுப்பலாம், எறியக் கூடாது. நடுவிலுள்ள இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. ஓரத்துக் கம்பங்களுக்குள் போனால் 1 புள்ளி. உதைத்து வரும் பந்தை எட்டிப் பிடித்தால் அது மார்க். பிடித்தவர் நின்று நிதானமாக உதைக்கலாம், யாரும் அவரைத் தொட முடியாது. என் வாதம் முழுவதும் இந்தக் கடைசி விதியில்தான் தொங்குகிறது.

2016இல் ரிச்மண்ட் 18 அணிகளில் 13ஆவது இடம். கடைசி ஆட்டத்தில் சிட்னியிடம் 113 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. நிர்வாகக் குழுவைக் கூண்டோடு மாற்ற வேண்டும் என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. அப்போது தலைவராக இருந்தவர் பெகி ஓ'நீல், இந்த லீகில் ஒரு மன்றத்துக்குத் தலைவரான முதல் பெண். அவர் அசையவில்லை, பயிற்சியாளர் டேமியன் ஹார்ட்விக்கையும் நீக்கவில்லை. மறு ஆண்டின் முதல் ஐந்து ஆட்டங்களில் வெற்றி, உடனே தொடர்ந்து நான்கு தோல்வி. அடிலெய்டிடம் 76 புள்ளி, பிறகு 5, 2, 3 என்று மயிரிழையில் மூன்று. பழைய ரிச்மண்ட் திரும்பிவிட்டது என்று தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போனவர் நீங்கள்தான். செப்டம்பர் கடைசியில் மெல்பர்னின் எம்.சி.ஜி. மைதானத்தில் 1,00,021 பேர் முன்னிலையில் அதே அடிலெய்டை 108-60 என்று வென்று 1980க்குப் பிறகு முதல் கோப்பையைத் தூக்கினார்கள். ஒரே ஆண்டில் இவ்வளவு தூரம் வந்த அணியில் 'அதிகம் முன்னேறியவர்' என்ற கேள்விக்கு ஒரு பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இருப்பது எப்படி?

மார்ட்டினை நான் குறைத்துப் பேசவில்லை. ஒரே ஆண்டில் லீகின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம், இறுதிப்போட்டியின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம், கோப்பை மூன்றையும் பெற்ற முதல் ஆட்டக்காரர் அவர். ஒரு கையில் பந்தை இடுக்கிக்கொண்டு, மறு கையைத் துரத்தி வருபவரின் மார்பில் ஊன்றித் தள்ளிவிட்டுப் போவாரே, அதற்காகவே டிக்கெட் வாங்கியிருக்கலாம். ஆனால் அதிகம் முன்னேறியவர் யார் என்றால் போன வருடம் எங்கே நின்றார் என்று முதலில் பார்க்க வேண்டாமா? 2016இல் ரிச்மண்டின் சிறந்த வீரருக்கான ஜாக் டையர் பதக்கம் யாருக்கு? மார்ட்டினுக்கு. லீகின் சிறந்த வீரர்களைப் பொறுக்கி அறிவிக்கும் ஆல் ஆஸ்திரேலியன் அணியில் அந்த ஆண்டு இருந்தாரா? இருந்தார். பிரவுன்லோவில்? 25 வாக்குகளுடன் மூன்றாமிடம், அதுவும் அணி 13ஆவது இடத்தில் கிடந்தபோது. ஏற்கெனவே மாடியில் நின்றவரை ஏணியில் ஏறியவர் பட்டியலில் சேர்க்கிறீர்கள்.

25 எப்படி 36 ஆயிற்று என்று கேட்பீர்கள். 36 என்பது இந்த வாக்கு முறையில் அதுவரை யாரும் எட்டாத எண்ணிக்கை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வாக்கு விழுகிற விதத்தைப் பாருங்கள். ஒவ்வொரு லீக் ஆட்டம் முடிந்ததும் கள நடுவர்கள் கூடி, மூன்று பேருக்கு 3, 2, 1 என்று வழங்குகிறார்கள். வென்ற அணியின் ஆட்டக்காரர்தான் பெரும்பாலும் அவர்கள் நினைவில் நிற்பார். ரிச்மண்ட் 2016இல் வென்றது 8 ஆட்டம், 2017இல் 15. குளத்தில் நீர் ஏறினால் தாமரைத் தண்டும் நீளத்தான் செய்யும். மார்ட்டினின் ஆட்டத்தில் எதுவும் மாறவில்லை என்று சொல்ல மாட்டேன். நடுக்களத்திலிருந்து நழுவிப் போய் கோல் முன்னே தனியாளாக நின்று எதிராளியைத் திணறடித்தது அந்த ஆண்டில் கூடியது. அது ஒரு மேதை தன் கைவரிசையை விரித்துக் காட்டியது. அதற்குப் பிரவுன்லோ கிடைத்துவிட்டது; இந்தப் பரிசையும் அவரிடமே கொடுத்துவிட்டு மற்ற எல்லோரையும் வெறுங்கையோடு அனுப்ப வேண்டுமா?

இந்தப் பரிசின் மேலே உங்களுக்கு இளக்காரம் இருப்பது எனக்குத் தெரியும். புறநகர் மன்றங்களின் சிறுவர் அணிகளில் ஆண்டு முடிவில் 'அதிகம் முன்னேறியவர்' கோப்பையை யாருக்குக் கொடுப்பார்கள்? மழையிலும் பயிற்சிக்கு வந்த, ஆனால் வேறு எந்தப் பரிசும் கிடைக்காத பையனுக்கு. உங்கள் வீட்டு அலமாரியிலேயே அப்படி ஒன்று இருக்கிறது, யாருடையது என்று இங்கே எழுதமாட்டேன். ஆனால் அந்தக் கோப்பையை முடிவு செய்கிற பயிற்சியாளர்தான் ஆண்டு முழுவதும் ஒவ்வொரு பையனையும் கூர்ந்து பார்த்திருப்பார். சிறந்த வீரர் யார் என்று சொல்ல எந்தப் பார்வையாளராலும் முடியும்.

இனி தம்பியின் டவுன்சென்ட். அவன் கட்சியில் நியாயம் உண்டு. கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி அணியிலிருந்து வந்தவர் டவுன்சென்ட். 2017இன் பெரும்பகுதியை விக்டோரிய மாநில லீகான வி.எஃப்.எல்.இல் கழித்து, அந்த லீகின் சிறந்த வீரருக்கான லிஸ்டன் கோப்பையை வாங்கினார். ஆகஸ்டில் மேலே அழைத்தார்கள். கடைசி இரண்டு லீக் ஆட்டங்களில் மட்டும் 11 கோல். இறுதிப்போட்டியிலும் 2. பிடிவாதக்காரர்கள் கூட மயங்கும் கணக்கு. ஆனால் அந்த ஆண்டில் அவர் முதல் அணிக்கு ஆடியது ஐந்தே ஆட்டங்கள். ஐந்தாவது ஆட்டத்திலேயே இறுதிப்போட்டியில் 3 கோல் அடித்த ஜாக் கிரகாம் போல, இதுவும் ஒரு மாதத்துப் புயல். புதியவரை எந்த முந்தைய ஆண்டோடு ஒப்பிடுவது என்ற சங்கடம் கிரகாமுக்கு இருக்கிறது. டவுன்சென்டுக்கு ஒரு முழுப் பருவத்தில் தாக்குப்பிடித்தாரா என்ற கேள்வி இருக்கிறது.

மாமியின் காட்சினைப் பற்றி ஒரு வரி: கேப்டனாக அவர் மாறியது உண்மை. அழகாகப் பந்தைச் சேகரிப்பவர், அந்த ஆண்டில் உடம்பைக் கொடுத்து மோதுகிறவரானார். ஆனால் அவரிடம் 2012இன் பிரவுன்லோ ஏற்கெனவே இருந்தது. மார்ட்டினுக்குச் சொன்னதே அவருக்கும்.

என்னை உண்மையில் தடுமாற வைத்தவர் கேன் லாம்பர்ட். அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்த அணியும் சீண்டாமல் விட்டவர், வி.எஃப்.எல்.இல் ஆடி, 23 வயதில் 'ரூக்கி' எனப்படும் உதிரி வீரர் பட்டியல் வழியாக உள்ளே வந்தவர். 2017இல் அவர் இல்லாத ஆட்டம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்க முடியாது. பந்து எங்கே போனாலும் அதற்கு முன்னால் ஓடிக்கொண்டிருப்பார், பாதி நேரம் யாருக்கும் தேவைப்படாத ஓட்டம், ஆனால் அந்த ஓட்டத்தால்தான் வேறொருவருக்கு இடம் கிடைக்கும். நீங்கள் லாம்பர்ட் என்று சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன்.

சரி, ஆஸ்ட்பரி. 2009 டிராஃப்டில் ரிச்மண்ட் மூன்றாவது தேர்வில் மார்ட்டினை எடுத்தது. அதே டிராஃப்டில் 35ஆவது தேர்வில் எடுத்தது ஆஸ்ட்பரியை. இடையே 19ஆவதாக எடுத்த பென் கிரிஃபித்ஸ் தலைக்காயத்தால் ஒதுங்கி, பிறகு அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பந்து உதைக்கப் போனார். ஒரே வகுப்பில் மூன்று தலைவிதி. மார்ட்டின் வந்த வருடமே ஆடத் தொடங்கினார். ஆஸ்ட்பரிக்கு முழங்கால் காயம், அப்புறம் இரண்டாம் அணி, அப்புறம் உள்ளே, மறுபடி வெளியே. ஏழு பருவங்கள் இப்படியே போயின. ட்ராய் சாப்ளின் 2016இல் ஓய்வு பெற்றபோது, எதிரணியின் மிக உயரமான, மிகப் பலமான முன்கள வீரரை மடக்கும் வேலை காலியானது. உலகத்தில் யாரும் ஆசைப்படாத வேலை. ஆஸ்ட்பரி அதை எடுத்துக்கொண்டார், பருவம் முழுக்கச் செய்தார்.

தொலைக்காட்சியில் அதைப் பார்க்க முடியாது, மாமா. கேமரா பந்தோடு போகிறது. எம்.சி.ஜி.யில் பன்ட் ரோடு முனையில் உட்கார்ந்து ஒரு கால்பகுதி முழுவதும் அவரை மட்டும் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பந்து மைதானத்தின் மறுகோடியில் இருக்கும்போதே பின்னோக்கி ஓடிக்கொண்டு, யார் யாரைப் பிடிக்க வேண்டும் என்று கையை நீட்டிக் காட்டுவார். பந்து உயர வரும்போது முன்னால் நிற்பவர் இரண்டு கையையும் விரித்து ஏந்தக் காத்திருப்பார். ஆஸ்ட்பரி அவருக்குப் பின்னால். முதுகில் தள்ளினால் எதிரணிக்கு இலவச உதை. கையில் அடித்தாலும் அப்படியே. மிச்சம் இருப்பது ஒரே வழி: அந்த இரண்டு உள்ளங்கைகளும் சேர்வதற்கு ஒரு கணம் முன்பு, தோளுக்கு மேலாக முஷ்டியைச் செலுத்திப் பந்தை மட்டும் குத்த வேண்டும். அரைக் கணம் முந்தினால் பந்து இன்னும் வந்திருக்காது, பிந்தினால் மார்க். குத்துப்பட்ட பந்து தரையில் விழுந்ததும் குட்டையான வேகக்காரர்கள் பாய்ந்து அள்ளிக்கொண்டு போவார்கள், கூட்டம் அவர்களுக்குக் கை தட்டும். புள்ளிவிவரத் தாளில் ஆஸ்ட்பரியின் பெயருக்கு எதிரே பத்துப் பன்னிரண்டு தடவை பந்தைத் தொட்டார் என்றுதான் இருக்கும். நீங்கள் அந்தத் தாளைப் பார்த்துத்தான் சிரித்தீர்கள்.

"அந்தத் தடுப்பு முழுக்க அலெக்ஸ் ரான்ஸ் ஒருவரால்" என்பது உங்கள் அடுத்த வரி, கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. ரான்ஸ் அந்த ஆண்டு ஆல் ஆஸ்திரேலியன் அணியின் கேப்டன், மறுக்கவில்லை. ஆனால் ரான்ஸின் தனித்திறமை எது? தன் ஆளை விட்டுவிட்டுப் பறந்து வந்து, இன்னொருவருக்குப் போகும் பந்தைப் பறிப்பது. எதிரணியின் பெரிய ஆளைப் பக்கத்தில் வேறொருவர் கட்டிப்போட்டிருந்தால்தானே அவரால் அப்படிப் பறக்க முடியும்? அந்த வேறொருவர் 2016இல் உறுதியாக இல்லை, 2017இல் இருந்தார். 2017இல் லீக் சுற்றில் முதலிடம் பிடித்ததும் எல்லா அணிகளையும்விட அதிகப் புள்ளி குவித்ததும் அடிலெய்டுதான். அந்த அணி இறுதிப்போட்டியில் 8 கோலோடு அடங்கியது. மார்ட்டின் ஒரு பக்கம் கோல் போட்டுக்கொண்டிருந்தால் மட்டும் இது நடந்துவிடாது.

இன்னொன்றும் சொல்கிறேன். 2019இன் முதல் ஆட்டத்திலேயே ரான்ஸின் முழங்கால் தசைநார் அறுந்தது. ரிச்மண்ட் கதை முடிந்தது என்றார்கள். அந்த ஆண்டு இறுதிப்போட்டியில் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி எடுத்த மொத்தப் புள்ளி 25, ரிச்மண்ட் 114. ரான்ஸ் இல்லை, ஆஸ்ட்பரி இருந்தார், இன்னொரு தடுப்பாட்டக்காரர் டிலன் கிரைம்ஸ் இருந்தார். "2019ஐ வைத்து 2017க்குப் பரிசு கொடுப்பாயா?" என்று மடக்குவீர்கள். கொடுக்க மாட்டேன். 2017இல் வந்த முன்னேற்றம் ரான்ஸின் நிழலில் வளர்ந்ததா, சொந்தக் காலில் நின்றதா என்று சோதிக்க மட்டும் 2019ஐ எடுத்துக்கொள்கிறேன்.

என் கட்சியில் ஓட்டை இல்லையா? இருக்கிறது. தடுப்பாட்டக்காரரின் முன்னேற்றத்தை அளப்பது கடினம். நடுக்களத்தில் எதிரணியை நெருக்கி, அவசரத்தில் தாறுமாறாக உதைக்க வைத்த சிறு வேகக்காரர்களால் ஆஸ்ட்பரியின் வேலை எளிதாயிற்று என்று ஒருவர் வாதிட்டால் என்னிடம் முழுப் பதில் இல்லை. பிரட் டெலீடியோவும் டை விக்கரியும் 2016 முடிவில் வேறு அணிகளுக்குப் போய்விட, முன்களத்தில் ஜாக் ரீவோல்ட் ஒருவரை மட்டும் உயரமானவராக வைத்து, சுற்றிலும் டேனியல் ரியோலி, ஜேசன் காஸ்டான்யா, டான் பட்லர் என்று குட்டிப் பட்டாளத்தை ஓடவிட்டார் ஹார்ட்விக். அந்த நெருக்கடி பின்களம் வரைக்கும் உதவியது. இந்தப் பக்கத்திலிருந்து நீங்கள் தாக்கினால் நான் கொஞ்சம் பின்வாங்க வேண்டிவரும். ஆனால் நீங்கள் இதுவரை தாக்கியதில்லை; கோப்பைப் படம் மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வருகிறேன். லாம்பர்ட் என்று சொல்லத் தயாராக இருந்தால் சமாதானம் பேசலாம். டவுன்சென்ட் என்றால் தம்பியே பேசட்டும், நீங்கள் அவனுக்கு வக்கீல் ஆக வேண்டாம். மார்ட்டின் என்றால், 2016இன் ஜாக் டையர் பதக்கத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு முதலில் பதில் வேண்டும், சாப்பாட்டுக்கு முன்பே. மாமியிடம் கத்தரிக்காய்க் குழம்பு வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அன்புள்ள மருமகள்