சென்டிமீட்டர் துல்லியம் தரையிலிருந்து வருகிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

துல்லிய நில அளவை பற்றிய கட்டுரையில் 'செயற்கைக்கோள் இப்போது சென்டிமீட்டர் கணக்கில் இடம் சொல்கிறது' என்று எழுதியிருந்தீர்கள். செயற்கைக்கோளை மட்டும் நம்பினால் சில மீட்டர் வரை தவறும். மிச்ச வேலையைச் செய்பவை தரையிலுள்ள நிலையங்கள். அவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் சிக்னலை அயனி மண்டலமும் (வளிமண்டலத்தின் மின்னேற்ற மேலடுக்கு) காற்றின் ஈரமும் தாமதப்படுத்தும். இருப்பிடம் துல்லியமாகத் தெரிந்த ஓரிடத்தில் ஆன்டெனாவை நிரந்தரமாக நிறுத்தினால், அந்தப் பிழையை நொடிக்கு நொடி கணக்கிடலாம். ஆனால் ஒரே நிலையத்தின் திருத்தம் பத்து இருபது கிலோமீட்டர் தாண்டினால் சரியாகப் பொருந்தாது. பல நிலையங்களை 50, 70 கிலோமீட்டர் இடைவெளியில் நிறுத்தி ஒரே சர்வரில் இணைத்தால், நடுவே எந்த இடத்துக்கும் பிழையைக் கணித்துவிடலாம். களத்தில் நிற்பவரின் ரிசீவர் தன் உத்தேச இடத்தை மொபைல் இன்டர்நெட்டில் அனுப்பும். பக்கத்திலேயே ஒரு நிலையம் இருப்பதுபோல அதற்கான திருத்தம் திரும்பி வரும்.

சரி, திருத்தம் வந்தால் போதுமா? ரிசீவர் தூரத்தை அலைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் துல்லியமாக அளக்கிறது; ஜிபிஎஸ்ஸின் முதன்மை அலையின் நீளம் சுமார் 19 சென்டிமீட்டர். செயற்கைக்கோளுக்கும் ரிசீவருக்கும் இடையே எத்தனை முழு அலைகள் என்று கண்டுபிடித்துவிட்டால் திரையில் 'ஃபிக்ஸ்' (எண் உறுதி) வரும், அதுவரை 'ஃப்ளோட்' (எண் இன்னும் உறுதியில்லை). மரத்தடியிலும் உயரமான சுவரோரத்திலும் தவறான எண்ணைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சமும் கூச்சமில்லாமல் 'ஃபிக்ஸ், 1 செ.மீ.' என்று காட்டுவதும் உண்டு. அதனால்தான் கிடைத்த ஃபிக்ஸைக் கைவிட்டு, புதிதாகப் பிடித்து, கொஞ்ச நேரம் கழித்து அதே புள்ளியை மறுபடி அளக்கிறோம். கட்டுரையைப் படித்துவிட்டுக் கருவி வாங்கப் போகிறவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

அப்புறம் உங்கள் பெட்டிச் செய்தி. அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் பாகையில் எட்டுத் தசம இடம் வரை தந்திருக்கிறீர்கள். எட்டாவது இடம் என்பது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்! நிலத்தட்டுகளோ நகர்ந்துகொண்டே இருக்கின்றன. ஆஸ்திரேலியா ஆண்டுக்குச் சுமார் 7 சென்டிமீட்டர் போகிறது. அங்கே நிலத்தின் 1994 நிலையை வைத்த இருப்பிடக் கணக்குக்கும் 2020 கணக்குக்கும் ஏறக்குறைய 1.8 மீட்டர் வித்தியாசம். எந்த நிலைய வலையமைப்பில், எந்த ஆண்டுக் கணக்கில் எடுத்த எண் என்று சொல்லாவிட்டால் அந்த எட்டு இலக்கங்களை வைத்து யாரும் எல்லைக் கல் நட முடியாது. அடுத்த இதழில் அந்த இரண்டு விவரங்களையும் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நில அளவையாளர்